ராமநாதபுரம் கரையோரத்தில் மூன்று மாடல் விமானங்களை அணியாகப் பறக்கவிட: தாள், செலவு, நாள், பயிற்சி

விமான வரலாற்றில் ஒரு நாளைக் கொண்டாட மூன்று பேர் சேர்ந்து மூன்று ஆர்சி விமானங்களை (ரிமோட்டில் இயங்கும் மாடல் விமானங்களை) ஒரே அணியாகப் பறக்கவிட நினைக்கிறீர்கள். பறக்கவிடுவது அதில் கால்வாசி வேலைதான். மீதி முக்கால்வாசி நாள் பார்ப்பது, இடம் பிடிப்பது, அடையாள எண் வாங்குவது, காவல் நிலையத்துக்கு நடப்பது. அதிலும் ராமநாதபுரம் கரையில் கடற்படை, கடலோரக் காவல்படை, பறவைகள் சரணாலயம், எல்லைக் கடல் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. மதுரையில் செல்லுபடியாகும் வழி இங்கே அப்படியே செல்லாது. வரிசை தப்பினால் செய்த வேலையை இரண்டாம் தடவை செய்ய வேண்டிவரும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தேதி: அக்டோபர் 15ஐ விட்டுவிடுங்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் தேதி இதுதான். 1932இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் ஜுஹூவுக்குப் புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்த நாள். ஆனால் செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இந்த இரண்டையும் ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம். அந்த வாரங்களில் உங்கள் மனுவைப் பிரித்துப் பார்க்கக்கூட காவல் நிலையத்தில் ஆள் இருக்காது. போதாததற்கு வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில்தான் தொடங்கும். ரைட் சகோதரர்களின் டிசம்பர் 17இலும் மழை விட்டிருக்காது, கண்மாய் நிறைந்து கிடக்கும்.

பொருந்திவரும் நாள் பிப்ரவரி 18. 1911இல் அன்று ஹென்றி பெக்கே அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்குத் தபால் மூட்டையோடு பறந்தார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதுதான். மழை ஓய்ந்திருக்கும். வாடைக் காற்று தணிந்து காலை ஒன்பது மணிவரை இலை அசையாமல் இருக்கும் நாட்கள் கிடைக்கும். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டால் ஒரு கிலோ விமானத்தை நேராக வைத்திருப்பதே பெரும்பாடு, அப்புறம் அணி எங்கே?

பிப்ரவரியிலும் இரண்டு இடைஞ்சல் உண்டு. குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரி 20 முதல் 27 வரை பயிற்சிப் பறப்பு வேண்டாம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும், அந்த வாரம் கடலோரக் கண்காணிப்பு இறுகும். அந்த ஆண்டின் திருவிழாத் தேதியைக் கேட்டுக்கொண்டு, மோதினால் உங்கள் நாளை முன்னோ பின்னோ ஒரு வாரம் தள்ளுங்கள். பெக்கே கோபித்துக்கொள்ள மாட்டார்.

மொத்தம் நான்கு மாதம் தேவை. அக்டோபரில் தாள் வேலை, மழைக்காலத்தில் வீட்டுக்குள் கட்டும் வேலை, பொங்கல் முடிந்து பயிற்சி.

2. இடம்: வரைபடம் முதலில், மண் பிறகு

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைத் திறந்து, உத்தேச இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சை என்றால் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம்வரை முன்அனுமதி தேவையில்லை. மஞ்சள் என்றால் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர் மஞ்சளையும் சிவப்பையும் பார்த்ததும் அடுத்த இடம் தேடுவது நல்லது.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம். அதைத் தாண்டினால் பாம்பன் பாலம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. அரியமான் கடற்கரையில் படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்ற ஆசையெல்லாம் வேண்டாம். கிழக்குப் பக்கத்தை மொத்தமாகக் கழித்துவிட்டுச் சாயல்குடி, கடலாடிப் பக்கம் தேடத் தொடங்குங்கள். அங்கும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தபிறகே பேச்சு.

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களின் பக்கம் போகாதீர்கள். பிப்ரவரியில் அங்கே பறவைகள் கூடு கட்டிக் குஞ்சோடு இருக்கும் காலம். ஒரு மாடல் விமானம் போதும், கூட்டம் முழுக்கக் கிளம்பிவிடும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு எதிரே உள்ள கரையிலும் கடல் பக்கம் பறக்கவிட வேண்டாம். வனத்துறையோடு வம்பு என்பது ஒரு பக்கம். விமானம் தண்ணீரில் விழுந்தால் எடுக்க வள்ளம் வேண்டும் என்பது இன்னொரு பக்கம்.

இனி மண். கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளிய பட்டாத் தரிசு சிறந்தது. 250 மீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம் தடையில்லாத வானம் வேண்டும். ஓடுதளத்துக்கு 40 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் போதும். காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் ஓடுதளத்தைத் தென்மேற்கு வடகிழக்காகப் போடுங்கள். பைலட்டுகள் வடமேற்கு பார்த்து நின்றால் காலை வெயில் முதுகில் விழும். கண்ணில் வெயில் பட்டால் அரை வினாடியில் விமானம் தொலைந்துபோகும்.

கண்மாய் உள்வாயில் விடலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் பிப்ரவரியிலும் தண்ணீர் நிற்கும். வற்றியிருந்தாலும் வெடிப்பில் சக்கரம் மாட்டும். அதோடு 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்திருப்பதால் யாரிடம் கேட்பது என்பதிலேயே ஒரு மாதம் போய்விடும். நெல் அறுத்த வயலும் ஆகாது, தாள்கட்டை சக்கரத்தை வாரிவிடும். உப்பளம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும், ஆனால் பாத்திவரப்பு ஒவ்வொன்றும் ஒரு சுவர்.

சாயல்குடிப் பக்கத்துக்கே உரிய கண்ணி ஒன்று உண்டு. பனை. பதநீர் இறக்கத் தொடங்கிவிட்டால் காலை நேரத்தில் பனை உச்சியில் ஆள் இருப்பார். கீழிருந்து பார்த்தால் மட்டை நடுவே தெரியாது. உங்கள் வட்டத்துக்குள் வரும் பனைகளை எண்ணுங்கள், யார் ஏறுகிறார் என்று கேளுங்கள், பறக்கும் நேரத்தை அவரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

சீமைக்கருவேலங்காடு ஓரத்தில் இருந்தால் நீளமான தொரட்டி ஒன்று கையோடு வேண்டும். அதற்குள் விழுந்த விமானத்தை வெறுங்கையால் எடுக்கப் போனவர் சட்டையைத் தொலைத்துவிட்டு வருவார்.

3. எடை: 250 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குக் கீழ்

டிரோன் விதிகள் 2021இல் மாடல் விமானமும் அடங்கும். நான்கு விசிறி வைத்த குவாட்காப்டருக்கு மட்டும்தானே என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லை. 250 கிராம்வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோவரை மைக்ரோ, 2 முதல் 25 கிலோவரை ஸ்மால். மைக்ரோவை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோவைத் தாண்டினால் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து சான்றிதழ் வாங்க வேண்டும், செலவு மூன்று விமானத்தின் விலைக்கு மேல் போகும்.

எடை என்பது பேட்டரி உட்பட, பறக்கத் தயாரான நிலையில். சமையலறைத் தராசில் வைத்து, எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். விசாரிக்க வருபவருக்கு அந்த ஒரு படம் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

பொழுதுபோக்குக்காக, கண்பார்வை எல்லைக்குள் மட்டும் பறக்கும் 25 கிலோவுக்குட்பட்ட விமானம் விதிகளில் மாடல் என்ற பிரிவில் வருகிறது. மாடலுக்கு வகைச்சான்று, அதாவது அந்த ரக வடிவமைப்புக்கு அரசு தரும் தரச்சான்று, தேவையில்லை. டிக்கெட் விற்றாலோ, காசு வாங்கிக்கொண்டு கல்யாண வீட்டில் பறக்கவிட்டாலோ இந்தச் சலுகை போய்விடும். விளம்பரப் பலகையோடு ஸ்பான்சர் வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விமானத்தில் கேமரா வைக்காதீர்கள். இந்தக் கரையில் கேமரா இல்லாத நுரைப்பலகை விமானம் பொம்மை, கேமரா இருந்தால் அது வேறு கதை. படம் தரையிலிருந்து எடுத்தால் போதும்.

4. தாள்கள்: எதன் பிறகு எது

முதலில் யுஐஎன் எனப்படும் தனி அடையாள எண். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக டி-2 படிவத்தில் இணையவழி விண்ணப்பம், கட்டணம் 100 ரூபாய். அதற்கு ஆதார் போன்ற அடையாளச் சான்று, முகவரிச் சான்று, விமானத்தின் எண், ரிமோட்டின் தொடர் எண் எல்லாம் கேட்பார்கள். இங்கேதான் பெரும்பாலானோர் மாட்டுவது: விமானத்துக்குள் சிக்னல் வாங்கும் ரிசீவரையும் ரிமோட்டையும் பிரித்துப் பொருத்திவிட்டு, தொடர் எண் அச்சிட்ட பெட்டியைக் குப்பையில் போட்டிருப்பார்கள். வாங்கிய அன்றே எண்களைப் படம் எடுங்கள். பின்னால் பதிவான ரிமோட்டை மாற்றினால் ஏழு நாளுக்குள் விண்ணப்பித்த இணையதளத்தில் திருத்த வேண்டும். நண்பரின் ரிமோட்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்குகிறேன் என்பது அதனால் சரிப்படாது.

எண் வந்ததும் இறக்கையின் அடிப்பக்கத்தில் தெளிவாக ஒட்டுங்கள்.

அடுத்து மூன்றாம் தரப்புக் காப்பீடு. நானோவுக்கு மட்டும்தான் விலக்கு. அடையாள எண் இல்லாமல் பாலிசி கேட்டுப் போனால் திரும்பி வருவீர்கள், ஆகவே இந்த வரிசை. மூன்று விமானத்துக்கும் ஒரே நிறுவனத்தில் எடுங்கள், ஒன்றோடொன்று மோதினால் யார் யாருக்குத் தருவது என்ற தகராறு குறையும்.

மூன்றாவது நில உரிமையாளரின் சம்மதக் கடிதம். வெள்ளைத் தாளில் சர்வே எண், உட்பிரிவு, தேதிகள், நேரம் எழுதி வாங்கி, சிட்டா நகலும் புலப்பட நகலும் இணையுங்கள். பயிற்சி நாட்களையும் அதிலேயே எழுதுங்கள். விழா நாளை மட்டும் எழுதிவிட்டுப் பயிற்சிக்குப் போய் நிற்பவர்கள் நிறைய. விமானங்கள் சுற்றும் நீள்வட்டப் பாதை பக்கத்து நிலத்தின் மேலும் போகும் என்பதால் அந்த நிலக்காரரிடமும் ஒரு கையெழுத்து.

நான்காவது தகவல் மனு. பச்சை மண்டலத்தில் காவல்துறை அனுமதி வேண்டும் என்று விதியில் இல்லை. ஆனாலும் சொல்லாமல் பறக்கவிட்டால் பத்தே நிமிடத்தில் யாராவது போன் போடுவார்கள். மனுவின் தலைப்பில் அனுமதி வேண்டி என்று எழுதாதீர்கள், தகவல் தெரிவித்தல் தொடர்பாக என்று எழுதுங்கள். அனுமதி என்று எழுதினால் அதைத் தர வேண்டிய அதிகாரி யார் என்று தேடித் தாள் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். நகல்கள்: உள்ளூர்க் காவல் நிலையம், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் அருகிலுள்ள நிலையம், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒன்று கொடுத்து வையுங்கள். எல்லா இடத்திலும் உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். டிசம்பர் இறுதிக்குள் கொடுத்து, பிப்ரவரி முதல் வாரத்தில் நேரில் போய் நினைவூட்டுங்கள்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மூன்று விமானம், எடை, கேமரா இல்லை, உயரம் 60 மீட்டருக்குக் கீழ், காலை 6:45 முதல் 8:30 வரை, மூவரின் பெயர், கைபேசி எண், அடையாள எண்கள். டிரோன் என்ற சொல் விதியின் பெயரில் வந்தால் போதும், மற்ற இடத்தில் மாடல் விமானம் என்றே எழுதுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. கல்வி நிறுவனம் தன் வளாகத்தில், பச்சை மண்டலத்தில், ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் பறக்கவிட்டால் அடையாள எண் உட்படப் பல விலக்குகள் உண்டு. சோதனைப் பறப்புகளுக்கு இதைப் பயன்படுத்தலாம். விழாக் காட்சி ஆராய்ச்சியில் சேராது.

விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய்வரை. விதிகளும் இணையதளமும் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை புதிதாகப் படித்துவிடுங்கள்.

5. செலவு

ஒரு விமானத்துக்குச் சுமாராக: மோட்டார் 600 ரூபாய், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 600, நான்கு சர்வோ (மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) 700, புரொப்பெல்லர் மூன்று 300, நுரைப்பலகை, பசை, கார்பன் கம்பி 700, சக்கரமும் கம்பியும் 200, பேட்டரி இரண்டு 3,600. ரிசீவரோடு ரிமோட் 5,000. ஆக 11,700. மூன்றுக்கும் பொதுவாக ஒரு நல்ல சார்ஜர் 2,000. மொத்தம் 37,000 ரூபாயைத் தாண்டும், உடைசலுக்குச் சேர்த்து 42,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு, போக்குவரத்து தனி.

வெளிநாட்டுத் தளத்தில் மலிவாக இருக்கிறது என்று முழு விமானமாக வரவழைக்காதீர்கள். 2022 பிப்ரவரி முதல் முழு டிரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, சுங்கத்தில் நின்றுவிடும். உதிரிபாகங்களுக்குத் தடையில்லை, ஆனால் ரிமோட் வானொலிக் கருவி என்பதால் வகை ஒப்புதல் கேட்பார்கள். உள்நாட்டு வியாபாரியிடம் பில்லோடு வாங்குவதே கடைசியில் மலிவு.

6. கட்டுவது: மூன்றும் ஒரே அச்சில்

புஸ் மாத் வடிவத்தையே எடுங்கள். மேல்இறக்கை ஒற்றைத்தட்டு விமானம், புதியவர் கைக்கு அடங்கும். அசலின் இறக்கை 11.2 மீட்டர், ஒன்பதில் ஒரு பங்கு என்றால் 1.24 மீட்டர். பெக்கே ஓட்டியது இரட்டைத்தட்டு விமானம்தானே என்று யாராவது கேட்டால், இரண்டும் தபால் விமானம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். இரட்டைத்தட்டைக் கட்டி மூன்றையும் ஒரே மாதிரி பறக்கவைப்பது முதல் ஆண்டில் நடக்காது.

இறக்கையின் சராசரி அகலம் 20 செ.மீ., எடை 1 கிலோ, 2212 அளவு 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடம் 1000 சுற்று) மோட்டார், 10×4.5 புரொப்பெல்லர், 30 ஆம்பியர் ஈஎஸ்சி, மூன்று செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 9 கிராம் சர்வோ நான்கு. இந்த அமைப்பு மணிக்கு 28 கிலோமீட்டருக்கு, அதாவது வினாடிக்குச் சுமார் 8 மீட்டருக்குக் கீழே போனால் தொங்கிவிழும். சுமார் 43 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 12 மீட்டரில், சுகமாகப் போகும்.

அணிக்கு வேண்டியது மூன்று நல்ல விமானமல்ல, மூன்று ஒரே மாதிரி விமானம். ஒருவர் பெரிய மோட்டார் போட்டுவிட்டேன் என்று பெருமையாக வந்தால் அவர் விமானம் முந்திக்கொண்டே இருக்கும். மோட்டார், புரொப்பெல்லர், பேட்டரி மூன்றும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். ஈர்ப்புமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5.6 முதல் 6 செ.மீ.க்குள். மூன்றிலும் ஒரே கோட்டைப் பேனாவால் போட்டு, இரண்டு விரலில் தூக்கிப் பாருங்கள். எடை வித்தியாசம் 30 கிராமைத் தாண்டினால் லேசானதில் ஈயத்துண்டு வையுங்கள்.

வண்ணம் மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. எது என் விமானம் என்று ஒரு நொடி குழம்புவதுதான் புதியவர் அணியில் விமானம் உடைவதற்கு முதல் காரணம். நடுவே போவது முழுக்க மஞ்சள், இடது சிவப்பு, வலது வெள்ளையில் கறுப்புப் பட்டை. வெளிர்நீலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், காலைக் கடற்புகையில் கரைந்துபோகும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் ஒன்றையொன்று குழப்பாது. குழப்புவது உங்கள் கை. ரிமோட்டில் வேறு மாடலின் நினைவகம் திறந்திருந்தால் இறக்கையின் பின்விளிம்பு மடலான எய்லரான் தலைகீழாக வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் வலது குச்சியை வலப்பக்கம் தள்ளி, வலது எய்லரான் மேலே போகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்தால், த்ராட்டில் (மோட்டார் வேகம்) பூஜ்யம். ரிமோட்டின் ஆற்றலைக் குறைத்து 30 தப்படி தள்ளி நின்றும் கட்டுப்பாடு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

உப்புக் காற்று மோட்டார் பேரிங்கை ஒரே பருவத்தில் தின்றுவிடும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பேரிங்கில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். லைப்போவைப் பூட்டிய காருக்குள்ளும் வண்டிப் பெட்டிக்குள்ளும் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சார்ஜ் செய்யும் இடத்தில் மணல் வாளி ஒன்று. பறந்து முடிந்தபின் ஒரு செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியிருக்கக் கூடாது, வீட்டில் வைக்கும்போது 3.8 வோல்ட்.

7. பயிற்சி: வளைவில்தான் எல்லாம்

தனித்தனியாக ஒவ்வொருவரும் இருபது முறை ஏற்றி இறக்காமல் அணிப் பேச்சை எடுக்காதீர்கள். பிறகு இருவர், கடைசியில் மூவர். ஆறு காலைப்பொழுது தேவைப்படும்.

நடுவே முன்னால் போகும் லீடரின் வேலை சலிப்பானது. அப்படித்தான் இருக்க வேண்டும். த்ராட்டிலை 60 சதவீதத்தில் வைத்துவிட்டுக் கையைத் தொடக் கூடாது. அவர் 80இல் போனால் பின்தங்கியவர் எட்டிப்பிடிக்க மிச்சமே இருக்காது. எதைச் செய்யும் முன்பும் உரக்கச் சொல்ல வேண்டும்: "இடது வளைவு... இப்போ." சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே ஒரு முழு வினாடி. இருபுறமும் வரும் விங்மேன் இருவரும் லீடரின் விமானத்தைப் பார்த்துத் தங்கள் விமானத்தை ஓட்ட வேண்டும், எக்காரணத்தாலும் அவரை முந்தக் கூடாது.

வளைவுக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். லீடர் 30 மீட்டர் ஆரத்தில் வினாடிக்கு 12 மீட்டரில் திரும்புகிறார், இருபுறமும் 6 மீட்டர் தள்ளி மற்ற இருவர். வெளிப்பக்கத்தவர் 36 மீட்டர் ஆரத்தில் போவதால் 14.4 மீட்டர் வேகம் வேண்டும். உள்பக்கத்தவருக்கு 24 மீட்டர் ஆரம், வேகம் 9.6. தொங்கிவிழும் எல்லை 8. ஒரு சின்ன எதிர்க்காற்று ஓய்ந்தால் உள்பக்க விமானம் மூக்கைக் கவிழ்த்துவிடும். உள்பக்கத்தவருக்குக் கை வராததால் விழுவதாகவே எல்லோரும் அவரைத் திட்டுவார்கள். தப்பு லீடருடையது, வளைவை இறுக்கியது அவர். ஆரத்தை 60 மீட்டராக்கினால் வெளியே 13.2, உள்ளே 10.8. மூவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

நீள்வட்டம் எப்போதும் ஒரே திசையில் இருக்கட்டும். இடச்சுற்று என்றால் வலது விமானம் எப்போதும் வெளிப்பக்கம். கை தேர்ந்தவரை அங்கே போடுங்கள்.

அடுத்தது கண்ணின் ஏமாற்று. பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது முன்னும் பின்னும் தெரியும், அருகும் தூரமும் தெரியாது. வலமிருந்து இடமாகப் போகையில் இடது விமானம் உங்களுக்கு அருகே இருக்கும், இடமிருந்து வலமாக வரும்போது அதுவே தூரத்துக்குப் போய்விடும். ஆகவே விங்மேன் இருவரும் லீடரைவிட 2 மீட்டர் தாழ்வாகவே பறக்க வேண்டும். தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் மோதாது. ஆரம்பத்தில் இடைவெளி 15 மீட்டர், பிறகு 10, கடைசியில் 6. அதற்கும் கீழே போகாதீர்கள், தரையிலிருந்து பார்க்கும் மக்களுக்கு 6க்கும் 4க்கும் வித்தியாசம் தெரியாது.

யாராவது "தொலைஞ்சுது" என்று கத்தினால்: லீடர் நேராக மேலே, இடது விமானம் இடப்பக்கம், வலது விமானம் வலப்பக்கம். யோசிக்கக் கூடாது. இதை விமானம் இல்லாமல், கையில் செருப்பை வைத்துக்கொண்டு மைதானத்தில் நடந்து பழகுங்கள். பார்ப்பவர் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பேட்டரி பத்து நிமிடம் தாங்கும். கடிகாரத்தை ஏழுக்கு வையுங்கள்.

8. அன்று காலை

ஏழு பேர் வேண்டும். பைலட் மூவர், ஒவ்வொருவர் தோளருகே ஓர் உதவியாளர், பொதுவாக ஒரு கண்காணிப்பாளர். கண்காணிப்பாளர் வானை மட்டும் பார்க்க வேண்டும். கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரும் டோர்னியர் ரோந்து விமானமும் கரையோரமாகத் தாழ்வாக வருவதுண்டு. சத்தம் கேட்டதும், எங்கே என்று தேடாமல், "இறக்கு" என்று சொல்ல வேண்டும். மூன்றும் உடனே தரைக்கு.

கிளம்பும் முன் வான்வெளி வரைபடத்தை மறுபடி பாருங்கள். மாநில அரசோ காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ ஓர் இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம்வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ராமேஸ்வரத்துக்கு முக்கியப் பிரமுகர் வருகிறார் என்றால் அப்படி நேரும். நேற்றுப் பச்சை என்பதற்கு இன்று மதிப்பில்லை.

பார்வையாளர் பைலட்டுகளுக்குப் பின்னால் 30 மீட்டர் தள்ளி, கயிறு கட்டி. ஊர்ப் பிள்ளைகள் இறங்கும் விமானத்தைப் பிடிக்க ஓடிவருவார்கள், ஆடு மேய்ப்பவர் எந்த நேரமும் குறுக்கே வருவார். முந்தின நாள் மாலையே ஊருக்குள் போய்ச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளில் பெரியவன் இருவரைக் கயிற்றுக் காவலுக்கு வைத்தால் மற்றவர்கள் தாண்ட மாட்டார்கள்.

சூரியன் சுமார் 6:35க்கு எழும். 6:45க்கு ஒரு விமானம் மட்டும் காற்றுப் பார்க்க. மரக்கிளை அசையும் அளவு காற்று இருந்தால் அணி வேண்டாம், ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டு முடித்துக்கொள்ளுங்கள். கடற்காற்று கிளம்பப் பத்து மணியாகும் என்று நம்பி எட்டரையைத் தாண்டாதீர்கள்.

நிகழ்ச்சி ஆறு நிமிடம். இருபது வினாடி இடைவெளியில் மூன்றும் ஏறும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுற்று. அம்புமுனை வடிவில் இரண்டு சுற்று, உயரம் 40 மீட்டர். பிறகு மூன்று வினாடிக்கு ஒருவராகப் பிரிந்து, வெளிப்பக்கத்தவர் முதலில் இறங்க வேண்டும், அவர் பேட்டரிதான் அதிகம் தீர்ந்திருக்கும். லீடர் கடைசி.

தபால் நாள் என்பதால் ஒவ்வொரு விமானத்திலும் பத்து அஞ்சலட்டை ஏற்றுங்கள். ஓர் அட்டை 50 காசு, பத்தும் சேர்ந்து 30 கிராம் வரும். ரப்பர் வளையம் போட்டு ஈர்ப்புமையக் கோட்டுக்கு நேர் கீழே வையுங்கள், வாலில் செருகினால் ஏறும்போதே பின்பாரம் காட்டும். பயிற்சியின் கடைசி இரண்டு நாளும் இந்த எடையோடுதான் பறக்க வேண்டும். நினைவு முத்திரை குத்த ஆசை என்றால் அட்டையின் இடப்பக்க ஓரத்தில், தபால் முத்திரை போலத் தெரியாத வடிவத்தில்.

அசம்பாவிதம் நடந்து யாருக்காவது காயம் என்றால் முதலில் மருத்துவமனை, பிறகு 48 மணி நேரத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு இணையவழி அறிக்கை.

எல்லாம் நல்லபடி முடிந்தால் நுரைத்துண்டு, டேப், தண்ணீர் பாட்டில் பொறுக்கி எடுத்து, நில உரிமையாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சாயல்குடி தபால் நிலையத்துக்குப் போங்கள். முப்பது அட்டையையும் பெட்டியில் போடும் முன் ஒன்றை அவர் முகவரிக்கும் எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் அந்தத் தரிசு வேண்டும்.